சவுல் நட்ட கல்

ஆண்டவருக்குக் கண் சரியாகத் தெரியாது. காதும் கொஞ்சம் மந்தம். வாய்விட்டுச் சொல்லாமல் நம் சபைகள் ஞாயிறுதோறும் கடைப்பிடிக்கிற விசுவாசப் பிரமாணம் இதுதான். இல்லையென்றால் அவருக்கென்று கொடுத்த மின்விசிறியில் கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், படித்த பட்டம், பார்க்கும் உத்தியோகம், உத்தியோகம் பார்க்கும் நாடு எல்லாம் எதற்கு எழுதப்பட்டிருக்கின்றன? பெஞ்சில் பெயர், பிரசங்க பீடத்தில் பெயர், திருவிருந்துப் பாத்திரத்தின் அடியில் பெயர். வாசல் கல்வெட்டில் பேராயர் பெயர் பெரிதாக, சேகரத் தலைவர் பெயர் அதைவிடச் சற்றே சிறிதாக, கமிட்டி உறுப்பினர்கள் பெயர் வரிசையாக. அந்த வரிசையில் யார் முதலில் என்பதற்கு விடிய விடியக் கூட்டம் நடந்திருக்கும். தேவ மகிமைக்கென்று ஒரு வரி உச்சியில் இருக்கும். கல்லில் இடம் போதாவிட்டால் முதலில் சுருங்குவது அந்த வரிதான்.

பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட அறிவிப்பு வாசிக்கும்போது விழித்துக்கொள்கிறார்கள். இன்னார் பேரனின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்தோத்திர காணிக்கை இவ்வளவு, இன்னார் மகன் கனடா போய்ச் சேர்ந்ததற்கு இவ்வளவு. தொகை காதில் விழுந்ததும் தலைகள் திரும்புகின்றன. அந்தத் திரும்பலுக்காகக் கொடுத்த பணம் அது. ஒரு பெயர் விட்டுப்போனால் தீர்ந்தது. ‘ஆண்டவர் கணக்கில் வரவாகிவிட்டதே’ என்று எந்தச் சபை ஊழியராவது சமாதானம் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த ஞாயிறு அந்தப் பெயர் தனியாக, நிறுத்தி நிதானமாக, வருத்தத்தோடு சேர்த்து வாசிக்கப்படும். மனுஷர் பார்க்க வேண்டுமென்று கொடுக்கிறவனுக்குக் கூலி கைக்கு வந்தாயிற்று, மேலே அவனுக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு கணக்கை முடித்துவிட்டார். நாம் அதை எச்சரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனடிப் பட்டுவாடாவுக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொண்டோம்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு வாழைத்தார், ஒரு சேவல், ஒரு பூசணிக்காய். யாரோ ஒரு பாட்டி கொல்லையில் விளைந்ததைக் கொண்டுவந்து வைத்திருப்பாள். சந்தையில் அதற்கு என்ன விலை என்பது அங்கே கூடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எதிர்க்கோஷ்டிக்காரர் கை தூக்கியதும் பூசணிக்காய்க்கு ரோஷம் வந்துவிடுகிறது. நூறு ஆயிரமாகிறது, ஆயிரம் பத்தாகிறது. எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதும் இல்லை. மறுபடி ஏலத்துக்கே விட்டுவிடுகிறார், கைதட்டலுக்கு இன்னொரு சுற்று வேண்டுமே. பணம் கோயிலுக்குத்தானே வருகிறது என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. பூசணிக்காயைக் கொண்டுவந்த பாட்டியின் பெயர்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவளைப் போன்ற பெண்களுக்குள் ஒரு பழைய வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிறன்று எல்லாக் கலயத்து அரிசியும் ஒரே சாக்கில் கொட்டப்படும். அதில் எந்தப் பிடி யாருடையது என்று எந்தக் கமிட்டியாலும் பிரிக்க முடியாது, கல்லிலும் வெட்ட முடியாது. நாகரிகமான சபைகளில் இந்த வழக்கம் தேய்ந்துபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இவ்வளவும் நம் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட முடியாது. சாமுவேலின் முதலாம் புத்தகம் 15-ம் அதிகாரத்திலேயே முன்னோடி இருக்கிறார். அமலேக்கியரை வென்ற கையோடு சவுல் ராஜா கர்மேலுக்குப் போய்த் தனக்குத்தானே ஒரு நினைவுத்தூண் நாட்டுகிறார். ஆண்டவர் அழிக்கச் சொன்ன மந்தையில் கொழுத்ததை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார். கேட்டால், ஆண்டவருக்குப் பலியிடத்தான் என்கிறார். ஏன் செய்தாய் என்று நெருக்கினால், ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறார். ராஜ்யம் உன்னைவிட்டுப் போயிற்று என்று சாமுவேல் தீர்ப்புச் சொன்ன பிறகு அந்த மனிதர் கேட்டது என்ன தெரியுமா? பாவம் செய்தது உண்மைதான், ஆனாலும் என் ஜனத்தின் மூப்பர்களுக்கு முன்னால் என்னைக் கனம்பண்ணிவிடும் என்று. கடவுள் கைவிட்டதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மூப்பர்கள் முன்னால் மானம் போகக்கூடாது. இவ்வளவு வெளிப்படையாக நாம் யாரும் ஜெபிப்பதில்லை என்பதால் சவுல் நம்மைவிட நேர்மையானவர் என்றே சொல்லலாம்.

கல் வேண்டாம் என்று சொன்னவர்களும் இதே மண்ணில் இருந்திருக்கிறார்கள். 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். பணம் தாருங்கள் என்று எவரிடமும் கேட்பதில்லை என்பது அந்த இல்லத்தின் விதி. 1919-ல் பிரிட்டிஷ் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது, அவமதிக்கப்பட்ட ஒருவரைப் பின்பற்றுகிறவளுக்கு இது எதற்கு என்று வேண்டாமென எழுதினார். மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று மற்றவர்கள் எடுத்துச் சொல்லி ஏற்கவைத்தார்கள். ஆனால் பதக்கம் வாங்க சென்னைக்கு அவர் போகவில்லை. 1951-ல் இறந்தபோது கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அங்கே வைத்தது பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. இன்றைக்கு அவர் நம் சேகரம் ஒன்றில் இருந்திருந்தால் பதக்கத்தோடு ஊர்வலம், வாசலில் ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸின் ஓரத்தில் வாழ்த்துவோர் பட்டியல். பட்டியலில் இருப்பவர்களின் படங்கள் அவர் படத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

ஃபிளெக்ஸ் என்றதும் போதகர்களின் பிறந்தநாள் ஞாபகம் வருகிறது. முள்முடி சூடியவரின் பெயரால் ஊழியம் செய்கிறவருக்கு ஆளுயர ரோஜா மாலை, கிரேன் கேமரா, யூடியூபில் நேரலை. பரிசுத்த ஆவியானவர் இறங்குவதற்கு முன் ‘சப்ஸ்கிரைப் செய்யுங்கள்’ என்ற வேண்டுகோள் இறங்குகிறது. தேர்தல் காலத்தில் வேட்பாளர் வந்தால் ஆராதனை அந்தரத்தில் நிற்கும். பீடத்தின் கிராதிக்குள்ளேயே பொன்னாடை. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கையும் கந்தல் உடுத்தவனுக்குத் தரையும் காட்டினால் என்ன பெயர் என்று யாக்கோபு கேட்ட கேள்விக்கு நாம் பதில் கண்டுபிடித்துவிட்டோம். தரையில் யாரையும் உட்கார வைப்பதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறோம், பந்தலுக்கு வெளியே.

இதில் ஆத்திரமூட்டுகிற வேடிக்கை ஒன்று உண்டு. மனுஷரைப் பிரியப்படுத்தப் பார்த்தால் நான் கிறிஸ்துவின் ஊழியன் அல்ல என்ற பொருளில் பவுல் கலாத்தியருக்கு எழுதியது நம் போதகர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வசனம் வெளியே வருவது ஒரே சமயத்தில்தான்: வரவு செலவுக் கணக்கு எங்கே என்று யாராவது கேட்கும்போது. ‘நான் மனுஷனுக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை, தேவனுக்கு முன்பாக நிற்கிறேன்.’ மாலைக்கு மனுஷர் வேண்டும், மைக்கில் பாராட்ட மனுஷர் வேண்டும், தணிக்கைக்கு மட்டும் தேவன் போதும். இந்தப் பவுலேதான் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டியபோது தனியாகக் கையில் எடுத்துப் போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். ஆண்டவருக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்னும் காரியம் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8-ம் அதிகாரத்தில் காரணமும் சொல்லியிருக்கிறார். புகழுக்கு மனுஷர் முகத்தைப் பார்க்காதே, பணத்துக்கு மனுஷருக்குக் கணக்குக் காட்டு. நாம் இதை அப்படியே தலைகீழாகப் புரட்டிவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வெறும் வெட்டிப் பெருமை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அப்படி இல்லை. திருமண்டலங்களின் கையில் பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு, ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். நிர்வாகத்தில் யார் என்பதைத் தீர்மானிப்பது திருமண்டலத் தேர்தல். ஆகவே அந்தத் தேர்தலில் வாக்குள்ள, ஒரு சேகரத்தின் பெருமன்ற உறுப்பினர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பதில் ஒரு குடும்பத்தின் முப்பது வருடச் சோறு தொங்குகிறது. பி.எட். முடித்த பெண்பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தகப்பன் அந்தச் சிரிப்புக்காக என்னவெல்லாம் செய்வான்! அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் பயத்தை முதலாக்கி அணி கட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன். அணிக்கு ஒரு பெயர், வாக்காளர்களுக்கு வேன், தங்க லாட்ஜ், பிரியாணி, முடிவு வந்ததும் வெடி. கடைசியில் வழக்கு. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டால் அவிசுவாசிகளிடமா நியாயம் கேட்கப் போகிறீர்கள் என்று கொரிந்து சபையைப் பவுல் வெட்கப்படுத்தினார். நம் திருமண்டலங்களிலோ தேர்தலை நடத்தவும் நிர்வாகத்தைக் கவனிக்கவும் ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் அனுப்பிவைக்கிறது. வருகிற நீதிபதியையும் பொன்னாடை போர்த்தித்தான் வரவேற்கிறோம்.

அப்புறம் சாதி. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற பயம் வேறு எங்கேயும்விட இங்கேதான் ரத்தம் குடிக்கிறது. அந்த நாலு பேரும் ஒரே சாதியாக இருப்பார்கள்.

கல்யாண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கப்படுகிறது. இவர்களை இணைப்பதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று குருவானவர் கேட்கிறார். மாப்பிள்ளைக்கு நூறு பவுனும் காரும் பேசி முடித்தது கோயிலில் பாதிப் பேருக்குத் தெரியும். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். ஆட்சேபணை இல்லை. பெண் ஒரு சாதி, பையன் வேறு சாதி, இரண்டு பேரும் அதே பாடகர் குழுவில் பாடுகிறவர்கள், ஒரு பவுன் பேச்சும் இல்லை என்றால் மட்டும் ஊரே எழுந்து நிற்கும். ஓலை வாசிக்கும் முன்பே கமிட்டி கூடும். ‘நமக்கு ஒன்றும் இல்லை, ஊரில் என்ன பேசுவார்கள்?’ என்பார்கள். ஊர் என்பது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் அவர்களேதான்.

இது நேற்று வந்த நோய் அல்ல. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்த நீலகண்டன், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ராஜாவின் தயவும் சொந்தக்காரர்களின் மதிப்பும் போயின. சித்திரவதைக்குப் பின் 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனுஷர் தயவா, தேவ தயவா என்ற கேள்விக்கு உயிரால் பதில் சொன்னவர். அதே வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கோயிலைக் கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரட்டையாகப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். பீடத்தில் நின்ற குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தாருக்கு மறுபக்கத்தார் முகம் தெரியாது. யாரோ மூளையைக் கசக்கி, ஆண்டவர் முன்னால் எல்லாரும் இருக்கவும் வேண்டும், ஒருவர் கண்ணில் ஒருவர் படவும் கூடாது என்று வரைந்த திட்டம் அது. 1910-ல் ஆயர் அந்தத் தடுப்பை இடிக்க வைத்தார். வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். எங்கள் தடுப்புச் சுவர் எங்கள் உரிமை என்று உயர் நீதிமன்றம் வரை வாதாடித் தோற்றார்கள். தேவசகாயம் 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு காலங்காலமாக ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் நீக்கியிருந்தது. செத்து இருநூற்று எழுபது வருடம் ஆன மனிதரின் சாதிவாலை அறுக்க ரோமாபுரி தேவைப்பட்டது. உயிரோடு இருக்கிற நம் வால்களுக்கு எந்த ஊருக்கு எழுதிப் போடுவது?

சீர்திருத்தச் சபைக்காரர்கள் இதைக் கத்தோலிக்கர் விவகாரம் என்று நினைத்துப் புன்னகைக்க வேண்டாம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று எழுதினார். தனி இருக்கை கிடையாது, திருவிருந்தில் முன்பின் கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் கூட்டங்கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள். இயேசுவை விட்டு அல்ல, பக்கத்து இருக்கையை விட்டு.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் பிணங்களுக்கு நடுவே ஒரு சுவர் இருந்தது, ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர், மறுபக்கம் மற்றவர். 2010-ல் செயற்பாட்டாளர்கள் போய் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். கவனியுங்கள், ஒரு பகுதிதான், அதுவும் வெளியிலிருந்து வந்தவர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிற சபை அது. கடைசி எக்காளம் ஊதும்போது எந்தப் பக்கத்தார் முதலில் எழுவது என்பதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருப்பார்களோ என்னவோ. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில், ஒரே ஜெபமாலை மாதாவைக் கும்பிடுகிற வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. தலித் மக்கள் கேட்டது தங்களுக்கென ஒரு தனிப் பங்கு, தங்களுக்குரிய மரியாதை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 10 வந்ததும் நாம் கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். 1950-ல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிகளுக்கு வெளியே நிறுத்திவிட்டது. அது அநியாயம்தான், கறுப்புக் கொடி நியாயம்தான். மதம் மாறினாலும் இந்த மக்களைச் சாதிக் கொடுமை விடவில்லை என்று டெல்லிக்குச் சாட்சி சொல்கிறோம். அந்தக் கொடுமையைச் செய்வது யார் என்று டெல்லி திருப்பிக் கேட்டால் மனுவில் யார் கையெழுத்துப் போடுவது? மத்திய அரசின் அங்கீகாரத்துக்கு டெல்லி வரை நடக்கிற கால்கள், கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரை ஏன் நடக்கவில்லை? சுவருக்கு இந்தப் பக்கம் காணிக்கை அதிகம், வாக்கும் அதிகம். இதைச் சொல்ல வேத பண்டிதர் தேவையில்லை.

யோவான் தம் சுவிசேஷம் 12-ம் அதிகாரத்தில் சில பெரிய மனிதர்களைக் குறிப்பிடுகிறார். இயேசுவை உள்ளுக்குள் நம்பினார்கள், ஆனால் ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவிடுவார்களே என்று வெளியே வாய் திறக்கவில்லை; தேவனிடமிருந்து வரும் மகிமையைவிட மனுஷரிடமிருந்து வருவது அவர்களுக்கு இனித்தது. அவர்கள் கெட்டவர்கள் என்று யோவான் சொல்லவில்லை. நம் குருமார்களிலும் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். சாதியை வெறுக்கிறவர்கள், தனியாகப் பேசினால் கண்கலங்குகிறவர்கள். மாறுதல் பட்டியல் ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது, பெருமன்ற உறுப்பினரின் தொலைபேசி அழைப்பு இருக்கிறது. அதனால் பரலோக ராஜ்யம் மட்டும் பிரசங்கிக்கப்படுகிறது.

ஒரு கற்பனைக்கு, இளம் குருவானவர் ஒருவர் ஏதோ வேகத்தில் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, முன்வரிசையையும் கல்லறைச் சுவரையும் பெயர் சொல்லிப் பேசிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றுகிற அறைக்குள் கமிட்டிச் செயலர் வருவார். கோபம் இருக்காது. கையில் காபி டம்ளர்கூட இருக்கும்.

“ஐயா, செய்தி அருமையா இருந்துச்சு. எங்க வீட்டுல கண்ணீரே விட்டுட்டா.”

“கல்லறைச் சுவர் விஷயமா கமிட்டியில ஒரு தீர்மானம் போடலாமா அண்ணாச்சி?”

“போடலாம்யா, அதுக்கென்ன. முதல்ல பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் முடியட்டும். அப்புறம் தேர்தல் வருது, அது முடியட்டும். அதுக்குள்ள உங்க மாறுதலும் வந்துரும்லா? வர்றவுக பார்த்துக்கிடுவாக. அடுத்த வாரம் மட்டும் பரலோகத்தைப் பத்திப் பேசுங்கய்யா, அதுல யாருக்கும் ஆட்சேபணை கிடையாது.”